குடும்பப் பெயரும் கேடயச் சின்னமும்: யாருக்கு உரியது, எதைச் சொல்கிறது?

ஸ்மித், டெய்லர், ஓ’பிரையன், ஃபெர்னாண்டஸ் என்று எந்த ஐரோப்பியக் குடும்பப் பெயரைச் சொன்னாலும், அந்தப் பெயருக்கு உரியது என்று ஒரு கேடயச் சின்னத்தை அச்சிட்டு, சட்டமிட்டு, விளக்கக் குறிப்போடு விற்கும் வணிகம் மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. சிவப்பு வீரத்தைக் குறிக்கும், நீலம் வாய்மையைக் குறிக்கும், சிங்கம் அஞ்சாமையைக் குறிக்கும் என்று அந்தக் குறிப்பு சொல்லும். வாங்குபவரும் தம் முன்னோரின் குணநலன்களே அந்தக் கேடயத்தில் பதிந்திருப்பதாக நம்பி அதைச் சுவரில் மாட்டிக்கொள்கிறார். இந்த நம்பிக்கைக்கு அடியில் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன: சின்னம் என்பது குடும்பப் பெயருக்கு உரியது, சின்னத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் உருவத்துக்கும் நிலையான பொருள் உண்டு. கேடயச் சின்னங்களின் மரபை இன்றளவும் முறையாகப் பேணிவரும் இங்கிலாந்தை எடுத்துக்கொண்டு பார்த்தால், இரண்டுமே நிற்கவில்லை. அங்கே சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட மனிதருக்குக் கிடைத்து, அவருடைய வழித்தோன்றல்களுக்கு இறங்கும் உடைமை. அதன் பொருளை அறிய வேண்டுமானால் நிறங்களின் அகராதியைப் புரட்டிப் பயனில்லை. யாருக்கு, எப்போது, எதற்காக அது கிடைத்தது என்றுதான் கேட்க வேண்டும்.

போர்வீரர்கள் கேடயத்தில் படம் எழுதுவது உலகெங்கும் மிகப் பழைய வழக்கம். ஆனால் அது மட்டுமே மரபுச் சின்னம் ஆகிவிடாது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும் பேயோ பூந்தையல் துணியில் சிலுவைகளும் பறவை நாகங்களும் தீட்டிய கேடயங்கள் வருகின்றன. ஆனால் எந்த வடிவமும் ஒரே ஆளுக்கு நிலையாக உரியதாகத் தெரியவில்லை. அதே துணியில், தாம் இறந்துவிட்டதாகப் பரவிய வதந்தியை மறுக்க வில்லியம் தம் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டும் காட்சியும் இருக்கிறது. கேடயத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் காணும் வழக்கம் அன்று நிலைபெற்றிருந்தால், முகத்தைக் காட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது.

அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று பிரான்சில் இருந்த ஆஞ்சூ நாட்டுக் கோமகன் ஜெஃப்ரியின் கேடயம். 1128இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி தம் மகளை மணக்கவிருந்த ஜெஃப்ரிக்கு வீரப்பட்டம் அளித்தபோது பொற்சிங்கங்கள் தீட்டிய கேடயம் ஒன்றை அவர் கழுத்தில் தொங்கவிட்டதாக ஒரு துறவி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் துறவி எழுதியது நிகழ்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் கழித்து என்பதை மறந்துவிடக் கூடாது. உறுதியான சான்று, 1151இல் இறந்த ஜெஃப்ரியின் கல்லறைக்காகச் செய்து லெ மான் நகரில் வைக்கப்பட்ட பற்சிப்பி (எனாமல்) தகடு. அதில் நீலக் கேடயத்தில் பொற்சிங்கங்களோடு அவர் நிற்கிறார். இதைவிட முக்கியமானது, 1226இல் இறந்த அவருடைய பேரன் வில்லியம் லாங்ஸ்பியின் கல்லறைச் சிலை. சால்ஸ்பரி தேவாலயத்தில் கிடக்கும் அந்தச் சிலையின் கேடயத்திலும் சிங்கங்கள் இருக்கின்றன. பாட்டனின் கேடயம் பேரனிடம் வந்திருக்கிறது. ஒருவரின் அடையாளமாக மட்டும் இருந்த படம் வழிவழியாக இறங்கத் தொடங்கும் இடம் இதுதான். இங்கிலாந்தின் மன்னர் கேடயத்தில் இன்றும் இருக்கும் மூன்று சிங்கங்கள் 1198இல் முதலாம் ரிச்சர்டின் இரண்டாவது அரச முத்திரையில் முதன்முதலாகத் தோன்றியதும் இதே காலகட்டத்தில்தான்.

முகத்தை முழுதும் மூடும் தலைக்கவசம் வந்ததால் போர்க்களத்தில் ஆளை அடையாளம் காணச் சின்னம் தேவைப்பட்டது என்பது பாடநூல்கள் தரும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் புழுதியும் குருதியும் படிந்த ஒரு கேடயத்தைத் தொலைவிலிருந்து அறிந்துகொள்வது எளிதன்று என்பதை வைத்துப் பார்த்தால், போட்டிக்களமும் முத்திரையும்தான் இந்த மரபை வளர்த்த பெரிய காரணங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீரர்கள் கூட்டம் கூட்டமாக மோதிய பகட்டான போட்டிகளில் யார் யார் என்று அறிவிக்கக் கட்டியங்காரர்கள் அமர்த்தப்பட்டார்கள். சின்னங்களை நினைவில் வைப்பதும் பட்டியலிடுவதும் அவர்களுடைய தொழிலாயிற்று. மறுபுறம், நிலப் பத்திரங்களுக்கு மெழுகு முத்திரை இடும் வழக்கம் பரவியபோது, கையெழுத்திடத் தெரியாத காலத்தில் கேடயச் சின்னமே கையெழுத்தின் வேலையைச் செய்தது. அதனால்தான் போருக்கே போகாத பெண்களும், ஆயர்களும், நகரங்களும், வணிகர்களும் 13ஆம் நூற்றாண்டிலேயே சின்னம் வைத்துக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்திலும் நார்மண்டியிலும் குடியானவர்களிடம்கூடச் சின்னங்கள் இருந்தன. சின்னம் இருந்தால் உயர்குடி என்ற எண்ணம் ஐரோப்பா முழுமைக்கும் பொருந்தாது.

சின்னத்தின் உறுப்புகளைச் சொல்லிவிட்டால் மேலே பேசுவது எளிதாகும். நடுவில் இருப்பது கேடயம். அதுதான் உயிர்ப் பகுதி, அது மட்டும் இருந்தாலும் சின்னம் முழுமையானது. அதன் மேல் தலைக்கவசம், கவசத்தின் உச்சியில் ஒரு முடியுருவம், சுற்றிலும் கிழிந்து பறக்கும் துணி, அடியில் ஒரு குறிக்கோள் வாசகம். பிரபுக்களாக இருந்தால் கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்குகளும் உண்டு. வணிகர்கள் “குடும்ப முடியுருவம்” என்று சொல்லி முழுச் சின்னத்தையும் விற்கிறார்கள். உண்மையில் முடியுருவம் என்பது உச்சியில் இருக்கும் சிறு பகுதி மட்டுமே.

நிறங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொன், வெள்ளி ஆகிய இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகத்தையோ வண்ணத்தின் மேல் வண்ணத்தையோ வைக்கக் கூடாது. பொன் நிலத்தில் சிவப்புச் சிங்கம் சரி. நீல நிலத்தில் சிவப்புச் சிங்கம் தவறு. பார்வைக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதே இதன் காரணம். இந்த விதியை மீறிய புகழ்பெற்ற சின்னம் சிலுவைப் போர்க்காலத்து எருசலேம் அரசினுடையது. வெள்ளி நிலத்தில் பொற்சிலுவைகளை அது வைத்துக்கொண்டது. குறைந்த நிறங்கள், கண்டிப்பான விதி, எளிய உருவங்கள் என்று இருந்ததால், ஒரே வடிவத்தை ஒருவருக்கொருவர் தெரியாமலே இரண்டு பேர் தேர்ந்துகொள்ள வாய்ப்பு மிகுதி. அப்படி நேர்ந்த ஒரு மோதல்தான் சின்னம் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு விடை தந்தது.

1385இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்தபோது, அவருடைய படையிலேயே இரண்டு பேர் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள். நீலக் கேடயத்தின் குறுக்கே சாய்வாக ஒரு பொற்பட்டை, அவ்வளவுதான். ஒருவர் யார்க்ஷயரின் சர் ரிச்சர்ட் ஸ்க்ரோப், மற்றவர் செஷயரின் சர் ராபர்ட் கிராவ்னர். ஸ்க்ரோப் வழக்குத் தொடுத்தார். வீரமரபு நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் அதை விசாரித்தது. ஜான் ஆஃப் காண்ட் போன்ற இளவரசர்களிலிருந்து மடாதிபதிகள் வரை நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர். லண்டனில் ஃபிரைடே தெரு வழியாக நடந்தபோது ஒரு விடுதியின் வெளியே இந்தச் சின்னம் தொங்குவதைக் கண்டு, ஸ்க்ரோப் குடும்பத்தார் இங்கே தங்கியிருக்கிறார்களா என்று தாம் கேட்டதாகவும், இது கிராவ்னருடையது என்று பதில் வந்ததாகவும், அதற்கு முன் கிராவ்னர் என்ற பெயரையே தாம் கேட்டதில்லை என்றும் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

1389இல் தீர்ப்பு ஸ்க்ரோப்புக்குச் சாதகமாக வந்தது. கிராவ்னர் வேண்டுமானால் கேடயத்தின் ஓரத்தில் வெள்ளிக் கரை ஒன்றைச் சேர்த்து அதே சின்னத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சலுகை காட்டியது. மேல்முறையீட்டில் மன்னர் அந்தச் சலுகையை நீக்கிவிட்டார். அவர் தந்த காரணம்தான் இந்த வழக்கின் சாரம்: கரை சேர்ப்பது ஒரே குடும்பத்துக்குள் இளைய மகனை மூத்தவனிடமிருந்து வேறுபடுத்தும் வழி, இரத்த உறவில்லாத ஒருவருக்கு அது போதாது. சின்னம் என்றால் இரத்தத் தொடர்பு என்ற கொள்கை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் எங்கும் எழுதப்பட்டதாக நான் அறியேன். கிராவ்னர் பொற்பட்டையை விட்டுவிட்டு ஒரு பொற்கதிர்க்கட்டை எடுத்துக்கொண்டார். அவர் குடும்பம் பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமக்களாக உயர்ந்தது. இழந்த சின்னத்தை அவர்கள் மறக்கவில்லை என்பதற்குச் சான்று, 1880இல் டெர்பி பந்தயத்தை வென்ற அவர்களுடைய குதிரையின் பெயர் “பெண்ட் ஓர்”. பழைய பிரெஞ்சில் அதற்குப் பொற்பட்டை என்று பொருள்.

இத்தகைய பூசல்களைத் தவிர்க்கப் பதிவு தேவைப்பட்டது. 1417இல் ஐந்தாம் ஹென்றி, முன்னோரிடமிருந்தோ உரிய அதிகாரியிடமிருந்தோ பெறாத சின்னத்தை யாரும் அணியக் கூடாது என்று ஆணையிட்டார். தம்மோடு அஜின்கோர்ட் போரில் ஆயுதம் ஏந்தியவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் அரசுக் கட்டியங்காரர்களுக்குச் சாசனம் தந்து ஒரு கழகமாக்கினார். “காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்” எனப்படும் அந்த நிறுவனம் 1555இல் புதிய சாசனம் பெற்று, இன்றும் லண்டனில் பதின்மூன்று அதிகாரிகளோடு இயங்குகிறது. 1530 முதல் 1688 வரை அந்த அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று, சின்னம் வைத்திருந்தவர்களை அழைத்து, குலவழியைக் கேட்டு எழுதினார்கள். உரிமையை நிறுவ முடியாதவர்களின் பெயர்களை ஊரறிய அறிவித்து, அவர்கள் கனவான்கள் அல்லர் என்று அவமானப்படுத்தியதும் உண்டு. அந்தப் பதிவேடுகள்தான் இன்றும் உரிமைக்கு அடிப்படை. ஒரு பெயருக்குச் சின்னம் என்று எதுவும் இல்லை என்று அந்த நிறுவனமே கேட்போரிடம் திட்டவட்டமாகச் சொல்லி வருகிறது. பழைய வீரமரபு நீதிமன்றமும் ஒழிந்துவிடவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கூடாதிருந்த அது, மான்செஸ்டர் மாநகராட்சியின் சின்னத்தை ஒரு கேளிக்கை அரங்கு பயன்படுத்திய வழக்கில் 1954இல் ஒருமுறை கூடி, மாநகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பெயர் வேறு, சின்னத்தின் உரிமை வேறு என்பதற்கு ஷேக்ஸ்பியரின் குடும்பத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை செய்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596 அக்டோபரில் சின்னம் வழங்கப்பட்டது. பொன் நிலம், குறுக்கே கறுப்புப் பட்டை, பட்டையின் மேல் வெள்ளி முனை கொண்ட ஓர் ஈட்டி. உச்சியில் ஈட்டி பிடித்த வல்லூறு. “உரிமையின்றி அல்ல” என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம் ஆவணத்தில் இருக்கிறது. நாடகக் கவிஞரான மகன் வில்லியம்தான் செலவழித்துத் தந்தைக்கு இதைப் பெற்றுத்தந்தார் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 1602இல் இன்னொரு கட்டியங்காரர், தகுதியற்றோர்க்குச் சின்னம் வழங்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டித் தயாரித்த பட்டியலில் “நடிகர் ஷேக்ஸ்பியர்” என்ற குறிப்போடு இந்தக் குடும்பமும் இடம்பெற்றது. ஆனால் அந்தப் பூசலைவிடத் துயரமானது, சின்னம் கிடைப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட் பதினோராம் வயதில் இறந்திருந்தான் என்பது. வில்லியமின் தம்பிகளும் ஆண்வழி விடாமலே இறந்தார்கள். ஜானின் ஆண்வழி அத்தோடு அற்றுப்போனது. வில்லியமின் கடைசிப் பேத்தி எலிசபெத் 1670இல் இறந்தபோது அவருடைய நேர்வழியும் முடிந்தது. இன்று உலகில் ஷேக்ஸ்பியர் என்ற பெயர் கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். வார்விக்ஷயரில் அன்றே அந்தப் பெயர் கொண்ட பல குடும்பங்கள் இருந்தன. ஆனால் ஈட்டி பொறித்த அந்தக் கேடயத்தை ஆண்வழி உரிமையாக அணியக்கூடியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

ஒரே பெயர் என்பதால் ஒரே குலம் ஆகிவிடாது என்பது ஸ்மித் என்ற பெயரை நினைத்தாலே விளங்கும். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார். ஒவ்வொருவரின் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய சின்னத் தொகுப்புகளில் ஸ்மித் என்ற பெயரின் கீழ் ஒன்றோடொன்று தொடர்பில்லாத சின்னங்கள் பத்துக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து “ஸ்மித் குடும்பச் சின்னம்” என்று விற்பது, யாரோ ஒருவருடைய உடைமையைப் பெயர் ஒற்றுமைக்காக இன்னொருவருக்குக் கொடுப்பதுதான்.

இதைவிட ஆழமான காரணமும் உண்டு: பெயர் இரத்தவழி அல்லாமலும் வரும். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர்கள் இங்கிலாந்தில் அணிந்த சின்னம் வெள்ளி நிலத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் அவற்றின் மேல் மூன்று சிவப்பு விண்மீன்களும் கொண்டது. 1938 முதல் அதுவே அமெரிக்கத் தலைநகரின் கொடியாகவும் பறக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லை. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் கறுப்பினத்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தும், பண்ணைகளிலிருந்து ஒட்டியும் வந்த பெயர் அது. அந்தப் பெயருக்குள் இருக்கும் வரலாற்றை, நார்த்தாம்ப்டன்ஷயர் நிலக்கிழார்களின் கேடயம் ஒன்றால் சொல்லிவிட முடியாது.

நம் பக்கத்திலும் இதற்கு நேரான நிகழ்வு உண்டு. முத்துக்குளித்துறையில் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கம் தழுவியபோது, திருமுழுக்கில் போர்த்துக்கீசியர்களின் குடும்பப் பெயர்களை ஏற்றார்கள். ஃபெர்னாண்டோ, ரோட்ரிகோ, கோமஸ், மிராண்டா, வாஸ் என்று தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் மேற்குக் கரை வரை இன்றும் வழங்கும் பெயர்களில் பல இப்படி வந்தவை. அந்தப் பெயரை வைத்து ஐபீரியக் கேடயம் ஒன்றை வாங்கி மாட்டும் குடும்பம், தனக்கு உண்மையில் இருக்கும் நீண்ட கடல் வரலாற்றின் இடத்தில் தனக்குத் தொடர்பில்லாத ஒரு நிலப்பிரபுவின் அடையாளத்தை வைத்துக்கொள்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது; இழப்பு அந்தக் குடும்பத்துக்குத்தான்.

எல்லா நாடுகளும் இங்கிலாந்தைப் போல அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் விதி இன்னும் கடுமையானது: 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் “லார்ட் லயன்” என்ற தலைமைக் கட்டியங்காரரின் பதிவேட்டில் ஏறாத சின்னத்தைப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது, ஒரு சின்னத்தை மாற்றமின்றி அணிய ஒரு காலத்தில் ஒருவருக்கே உரிமை. கேம்பெல், மெக்டொனால்ட் போன்ற குலங்களைச் சேர்ந்த சாதாரண உறுப்பினர்கள், வார்ப்பட்டை சூழ்ந்த குலத்தலைவரின் முடியுருவத்தைத் தொப்பிப் பொத்தானாக அணிந்து தம் பற்றைக் காட்டலாம். கேடயம் தலைவருக்கு மட்டுமே. போலந்து இதற்கு நேர் எதிர். அங்கே ஒரே சின்னத்தை வெவ்வேறு பெயர் கொண்ட பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. யாஸ்ட்செம்பியெட்ஸ் என்ற சின்னம் அத்தகையது. 1413இல் ஹொரோட்லோ ஒப்பந்தத்தின்போது நாற்பத்தேழு லித்துவேனியக் குடும்பங்களைப் போலந்துக் குலங்கள் தத்தம் சின்னங்களுக்குள் ஏற்றுக்கொண்டன. உறவு அங்கே அரசியலால் உண்டானது. பிரான்சில் பதினான்காம் லூயி 1696இல் போருக்குப் பணம் திரட்டச் சின்னங்களைக் கட்டணத்தோடு பதியச் சொன்னார். பதிய முன்வராதவர்களுக்கு அதிகாரிகளே ஒரு சின்னத்தைக் கட்டிக் கொடுத்துக் காசு கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் அந்தத் தொகுப்பில் ஏறின. அவற்றில் கணிசமானவற்றை உரியவர்கள் ஒருநாளும் விரும்பிப் பயன்படுத்தியதில்லை. அப்படிப்பட்ட ஒரு கேடயத்தில் முன்னோரின் வீரத்தைத் தேடுவது எவ்வளவு பொருந்தாதது!

இனிப் பொருள் பற்றிய கேள்வி. நிறங்களுக்குக் குணங்களைச் சேர்க்கும் வழக்கம் வணிகர்கள் கண்டுபிடித்தது அன்று. 15, 16ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே அது இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோள், ஒரு மணி, ஒரு நற்குணம், ஒரு கிழமை என்று அடுக்கி எழுதினார்கள். ஆனால் அந்த நூல்கள் எழுதப்பட்டபோது சின்னங்கள் தோன்றி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நூலுக்கு நூல் பொருளும் மாறியது. 12ஆம் நூற்றாண்டில் ஒருவர் சிவப்பைத் தேர்ந்தபோது அந்த அட்டவணை அவர் முன் இல்லை. சிங்கத்தை எடுத்துக்கொள்வோம்: சின்னம் இல்லாதவன் சிங்கத்தை வைத்துக்கொள்கிறான் என்று பிரெஞ்சில் ஒரு பழைய வழக்கு உண்டு. அவ்வளவு மலிந்த ஒரு விலங்கு, ஒரு குடும்பத்தின் தனித்தன்மையை எப்படிச் சொல்லும்? கேடயத்தில் இடப்பக்கமாகச் சாயும் பட்டை முறையற்ற பிறப்பைக் குறிக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் அவ்வாறே விதியன்று. முறையற்ற பிறப்புக்குப் பல அடையாளங்கள் வழங்கின. லாங்ஸ்பியே இரண்டாம் ஹென்றியின் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன், அவர் கேடயத்தில் பாட்டனின் சிங்கங்கள்தாம் இருக்கின்றன.

ஐயமின்றிப் பொருள் சொல்லக்கூடிய பழைய சின்னங்கள் பெரும்பாலும் பெயரை ஒலியால் நினைவூட்டுபவை. ஷேக்ஸ்பியரின் ஈட்டி அப்படிப்பட்டது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் பின்பாதிக்கு ஈட்டி என்றே பொருள். லூசி குடும்பத்தார் அதே ஒலியுடைய ஆற்றுமீனை வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் அரசு கோட்டையையும், லியோன் அரசு சிங்கத்தையும் வைத்தன. இரண்டாம் எலிசபெத் அரசியின் தாயார் பிறந்த போஸ்-லயன் குடும்பத்தின் கேடயத்தில் விற்களும் சிங்கங்களும் இருக்கின்றன. எழுத்தறிவு அரிதாக இருந்த சமூகத்தில் பார்த்தவுடன் பெயரைச் சொல்ல வைக்கும் படம் மிகச் சிறந்த அடையாளம். இவற்றை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிடுபவர்கள், இந்த மரபின் முதல் நோக்கமே அடையாளம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வகைப் பொருள் வரலாற்று நிகழ்ச்சியிலிருந்து வருவது. 1513இல் ஃப்ளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் கொல்லப்பட்டார். ஆங்கிலப் படைத்தலைவர் தாமஸ் ஹோவர்டுக்கு வெகுமதியாக அவர் கேடயத்தில் ஒரு சேர்க்கை கிடைத்தது: ஸ்காட்லாந்தின் அரசச் சிங்கம், பாதி உடலோடு, வாயில் அம்பு பாய்ந்த நிலையில். அவர் வழிவந்த நார்ஃபோக் கோமகன்களின் சின்னத்தில் அது இன்றும் இருக்கிறது. வென்றவருக்குப் பெருமையாகவும் தோற்றவர்க்கு அவமானமாகவும் ஒரே படம் நிற்கிறது. இதனினும் கொடியது ஜான் ஹாக்கின்ஸுடையது. 1560களில் ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கடல் கடத்தி ஸ்பானியக் குடியேற்றங்களில் விற்ற ஹாக்கின்ஸுக்கு 1565இல் வழங்கப்பட்ட முடியுருவம், கயிற்றால் கட்டுண்ட ஒரு கறுப்பு மனிதனின் மேற்பாதி உடல். ஒரு குற்றத்தை அரச அதிகாரி சாதனையாக ஏற்று, மரபுரிமையாக்கிப் பதிவு செய்திருக்கிறார். நிறங்களுக்கு நற்குணங்களை ஒதுக்கித் தரும் விளக்கத் தாள்கள் இப்படிப்பட்ட பொருளை ஒருநாளும் சொல்வதில்லை. சின்னங்களை நேர்மையாகப் படிக்க விரும்புகிறவர் இதையும் படிக்கத்தான் வேண்டும்.

இன்றைய சின்னங்களில் பொருள் ஐயத்துக்கு இடமில்லாமல் கிடைக்கிறது, ஏனென்றால் வடிவமைத்தபோதே காரணம் எழுதிவைக்கப்படுகிறது. 2011இல் இளவரசர் வில்லியமின் திருமணத்துக்குச் சற்று முன்பு மணமகளின் தந்தை மைக்கேல் மிடில்டனுக்குச் சின்னம் வழங்கப்பட்டது. அதிலுள்ள மூன்று ஓக் கொட்டைகள் அவருடைய மூன்று பிள்ளைகள். ஓக் மரம் அவர்கள் வாழும் மேற்கு பெர்க்ஷயரில் மிகுதியாக வளர்வது. நடுவிலுள்ள பொற்கூம்புப் பட்டை, அந்தப் பிள்ளைகளுடைய தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரான கோல்ட்ஸ்மித் என்பதை, அதாவது பொற்கொல்லர் என்பதை, நினைவூட்டுவது. மிடில்டன் என்ற பெயர் கொண்ட மற்ற ஆயிரக்கணக்கானோர்க்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அந்த மூன்று கொட்டைகள் இந்த ஒரு வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே.

தம் குடும்பத்துக்கு உண்மையாகவே சின்னம் உண்டா என்று அறிய விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் பெயர் அன்று, தாமே. தம்மிலிருந்து தந்தை, தந்தையின் தந்தை என்று பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஊர்த் தேவாலயங்கள் 1538 முதல் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்துவருவதால் பல குடும்பங்களுக்கு நெடுந்தொலைவு போக முடிகிறது. அந்த வரிசையில் வரும் ஓர் ஆண் மூதாதையின் பெயர் கட்டியங்காரர்களின் பதிவேட்டில் சின்னத்தோடு இருந்தால் மட்டுமே உரிமை உண்டு. இல்லாவிட்டால் புதிதாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு, தகுதியும் பார்ப்பார்கள். சின்னம் கிடைக்காமல் போனாலும், தேடும் வழியில் கிடைக்கும் பெயர்களும் தொழில்களும் ஊர்களும் அந்தக் குடும்பத்துக்கே உரியவை.